ராத்திரியில் கோழித் தண்ணீர் கட்டியாகிவிடுகிறது, கரண்ட் இல்லாமல் என்ன செய்யலாம்?

கூவாதசேவல்:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு பெட்டை, ஒரு சேவல் வைத்திருக்கிறேன். உறைபனி விழும் காலத்தில் கோழி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. ராத்திரி மைனஸ் 8, சில நாள் மைனஸ் 12 வரை இறங்குகிறது, பகலிலும் பூஜ்ஜியத்தைத் தாண்டுவது அபூர்வம். தண்ணீருக்கு வைத்திருப்பது தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிற 5 லிட்டர் பிளாஸ்டிக் டிரிங்கர். காலையில் போய்ப் பார்த்தால் குடுவை, அடித்தட்டு இரண்டும் சேர்ந்து ஒரே கட்டி. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உருக்கினால் கொஞ்ச நேரத்தில் தட்டில் மறுபடி ஏடு கட்டிவிடுகிறது. போன வாரம் தட்டே விரிசல் விட்டுவிட்டது.

கூண்டுக்குக் கரண்ட் கிடையாது. வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. வயர் இழுக்கலாம்தான், ஆனால் வைக்கோல், இறகுத்தூசி எல்லாம் இருக்கிற இடத்தில் கரண்டைக் கொண்டுபோகக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். கரண்ட் இல்லாமல் சமாளிக்க வழி உண்டா? தண்ணீரில் கொஞ்சம் உப்போ சர்க்கரையோ போட்டால் உறையாது என்கிறார்களே, செய்யலாமா? ராத்திரி கூண்டுக்குள் தண்ணீர் இருந்தே ஆகவேண்டுமா? சுற்றி இவ்வளவு பனி கிடக்கிறது, தாகம் எடுத்தால் அதைக் கொத்தித் தின்று சமாளித்துக்கொள்ளாதா? அப்புறம் முட்டை பாதிக்கும் கீழே போய்விட்டது, அது தண்ணீரால்தானா வேறு ஏதாவதா என்றும் தெரியவில்லை.

மஞ்சக்கரு:

ராத்திரி தண்ணீர் வேண்டாம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, பரண் ஏறி உட்கார்ந்தால் விடிகிற வரை இறங்காது. பொழுது சாயும்போது டிரிங்கரை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், காலையில் தண்ணீரோடு கொண்டுவாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். தீவனத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் வருவதற்குள் இறங்கி உலர் தீவனத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்குக் காத்துக்கிடக்கும்.

களத்துமேடு:

மஞ்சக்கரு சொன்னதை முதலில் செய்யுங்கள். மற்றதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கேள்விப்பட்ட வித்தைகள் அதிகம், கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

உங்களுடைய முதல் எதிரி குளிர் இல்லை, அந்த டிரிங்கரின் அடித்தட்டு. அதில் நிற்பது விரற்கடை ஆழத் தண்ணீர். குடுவைக்குள் நாலு லிட்டர் இன்னும் தண்ணீராகவே இருந்தாலும் தட்டு உறைந்த நிமிடத்தில் கோழிக்கு அது காலிப் பாத்திரம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 40 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஆற 168 கிலோஜூல் வெப்பம் வெளியே போகவேண்டும். பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு அது முழுக்கக் கட்டியாக இன்னும் 334 கிலோஜூல் போகவேண்டும், அதாவது அதற்கு இரண்டு மடங்கு. ஆகவே ஆழமான தொட்டியில் மேலே ஏடு கட்டினாலும் அடியில் வெகுநேரம் தண்ணீர் இருக்கும், ஒரு குச்சியால் தட்டி உடைத்துவிட்டால் கோழி குடித்துக்கொள்ளும். ஆழமில்லாத தட்டுக்கு அந்த அவகாசமே கிடையாது.

கொதிநீர் ஊற்றுவதும் இதனால்தான் ஏமாற்றுகிறது. வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக வெப்பம் ஓடும், போதாக்குறைக்கு ஆவியாகவும் போகும். ஊற்றிய கொஞ்ச நேரத்தில்தான் வெப்பம் மிக வேகமாகக் காற்றோடு போகும். மாறாக அளவைக் கூட்டிப் பாருங்கள். அதே வடிவப் பாத்திரத்தில் தண்ணீரை இரண்டு மடங்கு ஆக்கினால் உள்ளே இருக்கும் வெப்பம் இரண்டு மடங்காகிறது, வெப்பம் கசியும் மேற்பரப்போ ஏறக்குறைய 1.6 மடங்குதான் ஆகிறது. கை பொறுக்கிற சூட்டில் பத்து லிட்டர் கொண்டுபோவது, கொதிக்கக் கொதிக்க இரண்டு லிட்டர் கொண்டுபோவதைவிட நல்லது, கோழியின் நாக்கும் பிழைக்கும்.

பாத்திரம் என்று பார்த்தால் மாடு குதிரைக்குத் தண்ணீர் வைக்கிற தடித்த கறுப்பு ரப்பர் தொட்டிதான் என் தேர்வு. தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும், பிளாஸ்டிக் அதைத் தாங்காமல்தான் உங்கள் தட்டு விரிசல் விட்டது. ரப்பர் வளைந்து கொடுக்கும். உள்ளே முழுக்க உறைந்தாலும் தொட்டியைக் கவிழ்த்து அடியில் நாலு மிதி மிதித்தால் கட்டி கழன்று விழும், பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. தகரத் தொட்டி வேண்டாம், வெப்பத்தை அதுவே வெளியே கடத்திவிடும், ஐஸ் விரிந்து தையலும் பிரியும்.

அந்தத் தொட்டியை ஒரு பழைய கார் டயருக்குள் பொருத்துங்கள். டயரின் உள்பள்ளம் முழுக்கத் தெர்மாகோல் துண்டோ பபுள் ராப்போ அடைத்துவிடுங்கள். தெர்மாகோல் வைத்தால் ஒரு துளிகூட வெளியே தெரியக்கூடாது, கோழிக்குத் தெர்மாகோல் என்றால் அப்படி ஒரு ஆசை, பார்த்த இடத்தில் கொத்தித் தின்றே தீர்த்துவிடும். மேலே பலகையில் ஒரு மூடி, அதில் தலை நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை. காற்று நேராக உரசுகிற திறந்த மேற்பரப்பு இப்படிக் குறையும், இந்த மூடி செய்கிற வேலையை வேறு எதுவும் செய்யாது. டயர், தொட்டி இரண்டும் கறுப்பு என்பதால் வெயில் விழும் இடத்தில், காற்றுக்கு மறைவாக வைத்தால் பகலில் அதுவே கொஞ்சம் சூடு பிடித்துக்கொள்ளும். டயரின் உயரமும் வசதி, தரையில் கிளறுகிற குப்பை அவ்வளவாக உள்ளே விழாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தெர்மாகோலோ டயரோ வெப்பத்தை உண்டாக்காது. கல்லுக்குக் கம்பளி போர்த்தினால் கல் சூடாகிவிடுமா? நீங்கள் ஊற்றிய வெப்பம் வெளியேறுவதை அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க மைனஸ் 12-இல் வைத்தால் டயருக்குள்ளும் உறையத்தான் செய்யும். அதனால் மாலையில் கோழி அடைந்ததும் தொட்டியைக் காலிசெய்து கவிழ்த்துவிடுங்கள். காலையில் உடைக்க ஐஸே இருக்காது.

இனி அளவு. பெட்டைக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர், குளிர்காலத்துக்கு அது தாராளம். உங்கள் பதின்மூன்றுக்கு மூன்றரை லிட்டருக்குள் அடங்கிவிடும். கோழி நாள் முழுக்க ஒரே சீராகக் குடிப்பதும் இல்லை, பரணிலிருந்து இறங்கியதும் நன்றாகக் குடிக்கும், அடைவதற்கு முன்னால் மறுபடி ஒரு பிடி பிடிக்கும். அந்த இரண்டு வேளையும் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்து, நடுப்பகலில் ஒரு தடவை ஏட்டை உடைத்துவிட்டால் கரண்ட் இல்லாமலே குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். கால்தான் கொஞ்சம் நடக்கவேண்டும். ஒரே மாதிரி இரண்டு தொட்டி இருந்தால் ஒன்று வீட்டுக்குள் உருகிக்கொண்டிருக்கும்போது மற்றது வெளியே இருக்கும்.

பனியைத் தின்று சமாளிக்குமா என்றால், கொத்தும், ஆனால் சமாளிக்காது. புதிதாக விழுந்த பனி உருகினால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் தேறும். கால் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் பனியை அது விழுங்கவேண்டும். அப்படியே விழுங்கினாலும் அதை உருக்கி 41 டிகிரி உடல் சூட்டுக்குக் கொண்டுவர 30 கிலோகலோரிக்கு மேல் செலவாகும், அன்றைக்குத் தின்ற தீவனத்தின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே திண்டாடுகிற நேரத்தில் இது வெட்டிச் செலவு.

உப்பு வேண்டவே வேண்டாம். கடல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு, அதுவே மைனஸ் 2 வந்ததும் உறையத் தொடங்கிவிடும். அந்த இரண்டு டிகிரிக்காக உங்கள் கோழிக்குக் கடல் தண்ணீர் கொடுப்பீர்களா? அதைக் குடித்தால் செத்துப்போகும். சர்க்கரை இன்னும் மோசம், லிட்டருக்கு 340 கிராம் கொட்டினாலும் இரண்டு டிகிரிகூட இறங்காது, பாகு குடித்துக் கழிச்சல்தான் வரும். சிலர் வினிகர் ஒரு ஸ்பூன் என்பார்கள், உறைவதில் அது எந்த வித்தியாசமும் செய்யாது, துத்தநாகம் பூசிய பாத்திரமாக இருந்தால் அரித்துவேறு விடும். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவத்தைப் பற்றி யாராவது விளையாட்டுக்குக்கூடப் பேசினால் காதை மூடிக்கொள்ளுங்கள், அது விஷம்.

முட்டை குறைந்ததற்குத் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. பெட்டை நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும், குளிர்காலப் பகல் அதற்குப் போதாது. இறகு உதிர்க்கிற பருவமும் இதை ஒட்டியே வருகிறது. ஆனால் 60 கிராம் முட்டையில் ஏறக்குறைய 40 கிராம் தண்ணீர், அது எங்கிருந்து வரும்? தண்ணீர் இல்லாவிட்டால் தீவனமும் எடுக்காது, ஒரு நாள் முழுக்கக் காய்ந்தால் முட்டை சட்டென்று நிற்கும், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். தண்ணீரைச் சரிசெய்தும் கூடவில்லை என்றால் வெளிச்சம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கோழி:

இவ்வளவு கணக்கு எதற்கு என்று தெரியவில்லை. இரண்டு சின்ன பாட்டிலில் உப்புத் தண்ணீர் கரைத்து மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். உப்புத் தண்ணீர் உறையாது, அதனால் சுற்றி இருக்கிற தண்ணீரும் உறையாது. நான் அப்படித்தான் செய்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. இன்னொன்று, சுடுதண்ணீர்தான் சீக்கிரம் உறையும், பச்சைத் தண்ணீரே ஊற்றுங்கள்.

களத்துமேடு:

நீர்க்கோழி, உங்கள் பக்கம் ராத்திரி எத்தனை டிகிரி போகிறது? கேட்பதற்குக் காரணம் உண்டு.

பாட்டிலுக்குள் இருக்கும் உப்புக் கரைசல் உறையாமல் இருக்கும் என்பது சரி, நல்ல அடர்த்தியாகக் கரைத்தால் மைனஸ் 15 தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது உறையவில்லை என்பதால் வெளியே இருக்கும் தண்ணீருக்கு என்ன லாபம்? பாட்டிலிடம் கொடுக்க வெப்பம் ஏதும் இல்லை, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு குளிரோ அதுவும் அவ்வளவு குளிராகவே இருக்கும். அது செய்கிற ஒரே உபகாரம் காற்றில் ஆடி ஆடி மேற்பரப்பைக் கலைப்பது. ஏடு கட்டுவது கொஞ்சம் தள்ளிப்போகும். பச்சைத் தண்ணீர் பாதி நிரப்பிய பாட்டிலோ ஒரு பந்தோ மிதந்தாலும் ஆட்டம் அதே ஆட்டம்தான். மைனஸ் 1, 2 என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 8-இல் காற்று நின்ற ராத்திரியில் அந்த பாட்டில் ஐஸுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கிடக்கும், உள்ளே உப்புத் தண்ணீர் உறையாமல் பத்திரமாக இருக்கும், கோழிக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. மூடி கசிந்தால் தண்ணீர் உப்பாகிவிடும், அது தனிக் கவலை.

சுடுதண்ணீர் சீக்கிரம் உறையும் என்பது எம்பெம்பா விளைவு என்று சொல்வார்கள். தான்சானியாவில் எரஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் 1963-இல் ஐஸ்கிரீம் செய்யும்போது கவனித்தது, 1969-இல் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியரோடு சேர்ந்து கட்டுரையாகவும் வந்தது. அப்படி ஒன்று உண்மையிலேயே நடக்கிறதா என்று அறிவியலாளர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கோழித் தொட்டிக்கு அதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. வெதுவெதுப்பாகக் கொடுத்தால் உடனே குடிக்கும், குடிக்கிற அந்த நேரத்துக்கு உறையாது, நமக்கு வேண்டியது அதுதானே.

நீர்க்கோழி:

எங்களுக்கு மைனஸ் 3 தாண்டாது. சரி, அதனால்தான் போலிருக்கிறது. பாட்டிலை எடுக்கமாட்டேன், வேலை செய்கிற வரை இருக்கட்டும் :)

பேஸ்நியூட்ரல்:

நான் வயரிங் வேலை பார்ப்பவன், கோழியும் வளர்க்கிறேன். கேள்வி கேட்டவர் கரண்டுக்குப் பயப்படுவது நியாயமான பயம், ஆனால் எதற்குப் பயப்படவேண்டும் என்று தெரிந்து பயப்படவேண்டும்.

கோழிக்கூண்டில் தீப்பிடிப்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது சூட்டுக்காகத் தலைக்கு மேலே தொங்கவிடும் 250 வாட் சிவப்பு விளக்கு. கோழி பறந்து இடித்து, கொக்கி கழன்று வைக்கோலில் விழுந்தால் முடிந்தது. தண்ணீர் உறையாமல் இருக்க அதைத் தொங்கவிடுவது பைத்தியக்காரத்தனம், அவ்வளவு வாட் தேவையும் இல்லை. இதற்கென்றே செய்த சூடேறும் கிண்ணங்கள் 25 முதல் 60 வாட்டுக்குள் வருகின்றன. தகர டிரிங்கருக்கு அடியில் வைக்கிற சூட்டுத்தட்டு என்றால் 100, 125 வாட் இருக்கும். தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், உறைநிலை நெருங்கும்போது மட்டும் தானாக ஓடி மற்ற நேரம் அணைந்திருக்கும். சூட்டுத்தட்டு வாங்கினால் பிளாஸ்டிக் டிரிங்கருக்கு ஏற்றதா என்று அட்டையில் படித்துவிடுங்கள். தகரத்துக்கென்றே செய்த தட்டில் பிளாஸ்டிக்கை வைத்தால் அடி நெளிந்துவிடும்.

பிஸ்கட் டின்னுக்குள் 40 வாட் குண்டு பல்பு வைத்து அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைக்கிற பழைய வித்தை ஒன்று உண்டு. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பல்பு நடுராத்திரி பியூஸ் போனால் உங்களுக்குத் தெரியாது, பாத்திரம் ததும்பினால் தண்ணீர் நேரே ஹோல்டரில் சொட்டும். குண்டு பல்பே இப்போது பல நாடுகளில் கடைக்கு வருவதில்லை, எல்.இ.டி. பல்பை மாட்டினால் சூடே வராது. மீன்தொட்டி ஹீட்டரும் வேண்டாம். அது அறைக்குள் வைக்கிற தொட்டிக்காகச் செய்தது, தண்ணீர் வற்றி வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும், கோழி வேறு அந்த வயரைக் கொத்தி இழுக்கும். மெழுகுவர்த்தியைப் பூந்தொட்டிக்குள் ஏற்றிவைக்கலாமா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், கூளத்துக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது.

நாற்பது மீட்டர் பெரிய தூரமே இல்லை, 60 வாட்டுக்கு வோல்டேஜ் இறக்கம் ஒரு பொருட்டாக இருக்காது. வெளியிடத்துக்கான தடித்த ரப்பர் உறை வயர், ஒரே துண்டாக, நடுவில் ஒட்டுப்போடாமல் இழுங்கள். வீட்டு முனையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கவேண்டும், இதில் மட்டும் சமரசம் கிடையாது. பிளக்கும் சாக்கெட்டும் சேருகிற இடம் தரையில் கிடக்கக்கூடாது, மூடியுள்ள பெட்டிக்குள் உயரத்தில் இருக்கட்டும். சாக்கெட்டுக்கு வரும் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கூண்டுக்குள் ஓடும் வயரை ஒரு குழாய்க்குள் விடுங்கள், கோழி கொத்துவதைவிட எலி கடிப்பதுதான் பெரிய தொல்லை. மிச்சமான வயரைச் சுருட்டிக் கட்டி வைக்கோலுக்குள் செருகாதீர்கள்.

சோலார் என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதற்கும் ஒரு கணக்கு. 60 வாட் கிண்ணம் 15 மணி நேரம் ஓடினால் 900 வாட் மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் காகிதத்தில் 1200 இருக்கும், பேட்டரி பிழைக்கவேண்டும் என்றால் பாதிதான் எடுக்கலாம், உறைநிலைக்குக் கீழே போகப் போக அதுவும் சுருங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. வெயில் குறைந்த, பகல் சுருங்கிய, பேனல்மேல் பனி மூடிய காலத்தில்தான் உங்களுக்கு அதிகக் கரண்ட் தேவைப்படுகிறது. விளக்குக்குச் சோலார் நல்லது, சூட்டுக்கு அது கட்டாது.

கூவாதசேவல்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்கு டயர் வழிக்கே போகிறேன், சாயங்காலம் காலிசெய்து கவிழ்ப்பது நல்ல யோசனை. வயர் வேலையை நிதானமாக ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். சேவலுக்குப் பெரிய கொண்டை, தாடியும் நீளம். கொண்டை நுனி இரண்டு இடத்தில் கறுத்திருக்கிறது, தாடி எப்போது பார்த்தாலும் ஈரமாக இருக்கிறது. திறந்த தொட்டி வைத்தால் இது இன்னும் மோசமாகாதா? அதற்குப் பேசாமல் நிப்பிள் டிரிங்கருக்கு, அதாவது கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டுகிற முனை வைத்த வாளிக்கு, மாறிவிடலாமா?

கிண்ணிக்கோழிஅக்கா:

தம்பி, நுனி கறுத்தது குளிரில் செத்துப்போன சதை. தேய்க்காதே, கத்தரிக்காதே, சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். அப்படியே விட்டால் காய்ந்து தானாக உதிரும், கீழே இருக்கிற உயிருள்ள பகுதிக்கு அது ஒரு மூடியாகவும் இருக்கும். வீங்கினாலோ கசிந்தாலோ, சேவல் தீவனம் எடுக்காமல் ஒதுங்கி நின்றாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டு. வாசலின் தடவலாமா என்று அடுத்துக் கேட்பாய், தடவுகிறவர்களும் உண்டு, தடவியும் கறுத்துப்போனவையும் உண்டு, நான் அதை நம்பி உட்கார்வதில்லை.

தாடி நனைவதுதான் நிஜமான பிரச்சினை, நீ கவனித்தது சரி. ஈரத்தாடியோடு மைனஸ் 10 காற்றில் நின்றால் சீக்கிரம் உறையும். அதற்குத்தான் களத்துமேடு சொன்ன மூடி. ஓட்டை குறுகலாக இருந்து, தண்ணீர் விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழேயே நின்றால் அலகு மட்டும் நனையும். தொட்டியை விளிம்பு வரை ததும்ப ஊற்றாதே.

ஆனால் கொண்டை கறுப்பதற்குத் தண்ணீரைவிடக் கூண்டுக்குள் தேங்குகிற ஈரம் பெரிய காரணமாக இருக்கும். எச்சத்திலும் மூச்சிலும் வருகிற ஈரமே போதும், இதில் நாம் உள்ளே ஆவி பறக்கும் தண்ணீரை வேறு கொண்டுபோய் வைக்கிறோம். காலையில் கூரையின் உட்பக்கத்தைப் பார். துளித்துளியாக வேர்த்திருந்தாலோ வெள்ளையாகப் பனி பூத்திருந்தாலோ காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். குளிருக்குப் பயந்து எல்லா ஓட்டையையும் அடைத்திருப்பாய், அநேகம் பேர் அதைத்தான் செய்கிறார்கள். பரணில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி ஓட்டை திறந்திருக்கவேண்டும், கோழிமேல் நேராகக் காற்று அடிக்கக்கூடாது. உலர்ந்த குளிரை இறகு தாங்கும், ஈரக் குளிரைத் தாங்காது. தண்ணீர்த் தொட்டியை முடிந்தால் கூண்டுக்கு வெளியே, கோழி உலாவுகிற, கூரை போட்ட அடைப்பில் வை. டயர் அங்கே நன்றாக உட்காரும்.

நிப்பிள் விஷயத்தில் அவசரப்படாதே. தாடி நனையாது, தண்ணீர் அழுக்காகாது, எல்லாம் சரி. ஆனால் வாளி நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும், நிப்பிள் முனையில் ஒரு துளி உறைந்து அடைத்திருக்கும். நீ தூரத்திலிருந்து பார்த்து வாளி நிறைந்திருக்கிறதே என்று போய்விடுவாய், கோழி தாகத்தோடு கொத்திக்கொத்தி நிற்கும். அடியில் நேராகத் தொங்குகிற உலோக ஊசி நிப்பிள் முதலில் உறையும், பக்கவாட்டில் பொருத்துகிற வகை கொஞ்சம் பரவாயில்லை. எதுவானாலும் வாளிக்குள் ஹீட்டர் இல்லாமல் உன் பக்கத்துக் குளிருக்கு நிற்காது, தினமும் காலையில் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். புதிதாகப் பழக்குவதும் இப்போது வேண்டாம், கற்றுக்கொள்கிற வரை குறைவாகக் குடிக்கும், அந்தப் பரிசோதனைக்கு இது காலமில்லை. வெயில் காலத்தில் பழக்கிவிட்டு அடுத்த குளிருக்கு யோசி.

போதுமான தண்ணீர் போகிறதா என்று தெரியவேண்டுமானால் தொட்டியைப் பார்க்காதே, கோழியைப் பார். கொண்டை சுருங்கித் தொங்கினாலோ, எச்சம் வறண்டு சின்னதாக வந்தாலோ, தீவனத் தட்டில் வழக்கத்தைவிட மிச்சம் கிடந்தாலோ தண்ணீர் போதவில்லை.

குப்பைமேடு:

ஒன்று விட்டுப்போனது. உரக்குழி இருந்தால் அதையும் உபயோகப்படுத்தலாம். ஈரச்சாணமும் வைக்கோலும் கலந்து ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்குக் குவித்தால் நடுவில் 55, 60 டிகிரி வரை சூடேறும், வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். அந்தக் குவியலின் தலையில் குழி பறித்து ரப்பர் தொட்டியைப் புதைத்து வையுங்கள். சின்னக் குவியல் சூடு பிடிக்காது, அதனால் இரண்டு கூடைக் குப்பையைக் கொட்டிவிட்டு எதிர்பார்க்காதீர்கள். சூடு சில வாரத்தில் இறங்கும்போது கிளறி, புதுச்சாணம் சேர்த்தால் மறுபடி ஏறும். திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள், கூண்டுக்குள் செய்தால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். கோழி வேறு அதைக் கிளறக் கிளறச் சந்தோஷமாக இருக்கும், தண்ணீரில் குப்பை விழுந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கூவாதசேவல்:

அக்கா, கூரை உட்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே எல்லா ஓட்டையிலும் கோணி அடைத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கே மேல் வரிசையை எடுத்துவிடுகிறேன். உரக்குவியல் போடும் அளவுக்குச் சாணம் இல்லை.

களத்துமேடு ஐயா, மூடியில் ஓட்டை எவ்வளவு பெரிதாகப் போடவேண்டும்? சேவல் கொண்டை மாட்டிக்கொள்ளுமோ என்று பார்க்கிறேன்.

களத்துமேடு:

உங்கள் சேவலின் தலையை அளந்து பாருங்கள், கொண்டை நுனியிலிருந்து தாடி நுனி வரை. அதைவிட இரண்டு விரல் நீளம் கூடுதலாக, வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக வெட்டுங்கள், தலையை இறக்கி ஏற்ற வட்டத்தைவிட அது வசதி. விளிம்பை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள், சிலாம்பு இருந்தால் கொண்டையைக் கீறும். இரண்டு ஓட்டைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் சேவல் ஒன்றில் குடிக்கும்போது பெட்டை பக்கத்தில் வரப் பயப்படும். மூடி காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல்.

மஞ்சக்கரு:

செங்கல் வேண்டாம், சேவல் அதன்மேல் ஏறி நின்று ஓட்டை வழியாகத் தண்ணீரில் எச்சம் போடும். அடியில் இரண்டு கொக்கி வைத்து டயரோடு மாட்டிவிடுங்கள்.